ஒரு வண்டி, இரண்டு எஞ்சின்!

மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை எஞ்சின்?

“இது என்ன கேள்வி? ஒன்றுதான்!” என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

ஆனால், இரண்டு எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிள்களும் உண்டு. 2010-ம் ஆண்டில், அதுவரை எந்த மோட்டார் சைக்கிளும் தொடாத வேகத்தைத் தொட்ட வண்டி அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதன் வேகம் மணிக்கு 376 மைல். அதாவது 605 கிலோ மீட்டர்!

ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாகப் பத்து வரை எண்ணிப் பாருங்கள். நீங்கள் பத்து என்று சொல்வதற்குள் அந்த வண்டி ஒரு மைல் தூரத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஒரு எஞ்சினோடு இன்னொரு எஞ்சினைச் சேர்த்துவிட்டால் இத்தனை வேகம் வந்துவிடுமா?

வராது! இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதில் தவறினால் எஞ்சின் உடையும். வண்டி உருளும். ஓட்டுகிறவரின் உயிருக்கே ஆபத்து வரும்.

அந்தச் சூட்சுமத்தைத் தேடிப் பலர் பாடுபட்டார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

உப்பு மைதானம்

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே போன்வில் என்ற இடத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என்று உப்பு பரந்து கிடக்கிறது.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது பெரிய ஏரி. நாளடைவில் ஏரி வற்றியது. தண்ணீர் போய்விட்டது. உப்பு தங்கிவிட்டது.

கோடைக் காலத்தில் அந்த உப்பு காய்ந்து, தரை போலக் கெட்டியாகிவிடும். மேடு இல்லை. பள்ளம் இல்லை. மரம் இல்லை. பல மைல் தூரம் நேராக ஓட்டலாம். வேகப் பந்தயக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அங்கே சாதனை படைக்க ஒரு விதி உண்டு. ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் போதாது. போன வழியே திரும்பியும் ஓட்ட வேண்டும். இரண்டு ஓட்டத்தின் சராசரி வேகத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். போகும்போது காற்று பின்னால் இருந்து தள்ளிவிட்டால், வரும்போது முன்னால் நின்று தடுக்கும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சுருட்டு போன்ற வண்டி

அங்கே ஓடும் வண்டி, நாம் ரோட்டில் பார்க்கும் மோட்டார் சைக்கிள் போல இருக்காது. நீளமாக, ஒல்லியாக, சுருட்டு போல இருக்கும். முன்னால் ஒரு சக்கரம். பின்னால் ஒரு சக்கரம். அதனால்தான் அதற்கு மோட்டார் சைக்கிள் என்று பெயர்.

ஓட்டுகிறவர் அதன் மேல் ஏறி உட்காருவது இல்லை. உள்ளே மல்லாந்து சாய்ந்துகொள்வார். அவரைப் பட்டைகளால் இறுகக் கட்டிவிடுவார்கள். நிற்கும்போது வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் சிறிய கால்கள் உண்டு. வேகம் பிடித்ததும் அவற்றை மடக்கிக்கொள்ளலாம். வண்டியை நிறுத்துவதற்குப் பின்பக்கம் பாராசூட் விரியும்.

இந்த ஒல்லி வடிவத்தில்தான் இரட்டை எஞ்சினின் ரகசியம் இருக்கிறது.

ஒரே ஒரு பெரிய எஞ்சின் வைத்தால் வண்டியின் உடம்பு அகலமாகிவிடலாம். புதிதாக ஒரு எஞ்சின் செய்வது என்றாலோ பணம் தண்ணீராகச் செலவாகும். மோட்டார் சைக்கிள் எஞ்சினோ சிறியது, எடை குறைவு, கடையில் கிடைக்கிறது. இரண்டு எஞ்சின்களை வாங்கி, ஒன்றன் பின் ஒன்றாக வைத்துவிட்டால் சக்தி இரண்டு மடங்கு. வண்டியின் அகலமோ கூடாது.

நல்ல யோசனைதானே?

21 மைல்தான் கூடியது!

1956-ம் ஆண்டில் ஜானி ஆலன் என்பவர் போன்வில் மைதானத்தில் மணிக்கு 214 மைல் வேகத்தில் ஓட்டினார். அவர் வண்டியில் இருந்தது ஒரே ஒரு டிரையம்ப் எஞ்சின். 650 சி.சி. அந்த ஓட்டத்தின் நினைவாகத்தான் டிரையம்ப் கம்பெனி தன் புதிய மோட்டார் சைக்கிளுக்கு “போன்வில்” என்று பெயர் வைத்தது.

1962-ம் ஆண்டில் பில் ஜான்சன் என்பவர், அதே அளவு எஞ்சினை வைத்து 224 மைல் வேகத்தை எட்டினார்.

அப்போது டெட்ராய்ட் நகரில் பாப் லெப்பன் என்ற மோட்டார் சைக்கிள் வியாபாரி இருந்தார். “ஒரு எஞ்சின் 224 மைல் ஓடினால், இரண்டு எஞ்சின் எவ்வளவு ஓடும்?” என்று அவர் எண்ணினார். இரண்டு டிரையம்ப் எஞ்சின்களைச் சேர்த்து ஒரு வண்டி உருவாயிற்று. அதற்கு வடிவம் அமைத்துக் கொடுத்தவர் அலெக்ஸ் டிரெமுலிஸ். அவர் பெயர் பெற்ற கார் வடிவமைப்பாளர்.

வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பம்பரம் போலச் சுழலும் கருவி ஒன்றைப் பொருத்தலாம் என்று முதலில் நினைத்திருந்தார்கள். அதனால் வண்டிக்கு “ஜைரோநாட்” என்று பெயர் வந்தது.

1966-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லெப்பன் அதை ஓட்டினார். வேகம் மணிக்கு 245 மைல்! வேகத்தில் அதுதான் முதல் இடம்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் இரண்டு மடங்கு ஆயிற்று. வேகம் எவ்வளவு கூடியது? 21 மைல்தான்!

ஏன் அப்படி?

காற்றின் கணக்கு

காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால், வேகமாகப் போகிறவனுக்கு அது சுவர்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்று தடுக்கும் பலம் நான்கு மடங்கு ஆகும். அந்தத் தடையை எதிர்த்து, இரண்டு மடங்கு வேகமாகவும் ஓட வேண்டும். ஆகவே, வேகம் இரண்டு மடங்கு ஆக வேண்டுமானால் எஞ்சினின் சக்தி எட்டு மடங்கு ஆக வேண்டும்!

இதையே திருப்பிப் பாருங்கள். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால், வேகம் ஏறத்தாழ கால் பங்குதான் கூடும். 100 மைல் ஓடிய வண்டி 126 மைல் ஓடும். அவ்வளவுதான். அதுவும், இரண்டு எஞ்சினும் தங்கள் சக்தியை ஒரு துளிகூட வீணாக்காமல் கொடுத்தால்தான்.

அப்படிக் கொடுக்குமா? அங்கேதான் அடுத்த சிக்கல்.

ஒரு நுகம், இரண்டு காளை

இரட்டை மாட்டு வண்டியைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு காளைகளும் ஒரே நடை நடக்க வேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் நடந்தால் என்ன ஆகும்? வண்டி கோணலாக இழுபடும். வேகமாக நடக்கும் மாடு, சோம்பல் மாட்டையும் சேர்த்து இழுக்க வேண்டி வரும்.

எஞ்சின்களும் அப்படியே. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஒன்று பின்தங்கினால், அது வண்டிக்கு உதவாது. பிரேக் போட்டது போலத் தடுக்கும்.

இதற்காக இரண்டு எஞ்சினுக்கும் இடையே ஒரு நுகத்தடி வேண்டும். இரண்டு எஞ்சினின் சுழல் தண்டுகளையும் பல் சக்கரத்தாலோ, கெட்டியான செயினாலோ, பல் வைத்த பட்டையாலோ இணைப்பார்கள். ஒன்று சுற்றினால் மற்றதும் அதே வேகத்தில் சுற்றித்தான் ஆக வேண்டும்.

அது மட்டும் போதாது. எஞ்சினுக்குள் பெட்ரோல் வெடித்து வெடித்துத்தான் சக்தி பிறக்கிறது. இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் வெடித்தால், ஒவ்வொரு வெடிப்பும் இரட்டைச் சம்மட்டி அடி போலச் செயினில் இறங்கும். செயின் எத்தனை அடி தாங்கும்? ஆகவே, ஒன்று வெடித்த பிறகு மற்றது வெடிக்கும்படி மாற்றி மாற்றி அமைப்பது உண்டு. நெல் குத்தும் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இருக்கிறது. ஓட்டுகிறவர் கையில் இருப்பது ஒரே ஒரு ஆக்சிலேட்டர். அதைத் திருகினால் இரண்டு எஞ்சினுக்கும் ஒரே அளவு பெட்ரோல் போக வேண்டும். முன் எஞ்சினின் சூடு பின் எஞ்சினைத் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று நின்றுவிட்டால்?

ஓடும்போது ஒரு எஞ்சின் திடீரென்று இறுகி நின்றுவிட்டால் என்ன ஆகும்?

நுகத்தில் ஒரு காளை படுத்துவிட்டது போலத்தான். நல்ல எஞ்சின் சுற்றப் பார்க்கும். கெட்ட எஞ்சின் விடாது. செயின் அறுந்து போகலாம். அல்லது பின் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். இருநூறு, முந்நூறு மைல் வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டால் கதி என்ன? எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும் கிளச் அந்தக் கண நேரத்தில் வேலை செய்தாக வேண்டும்.

வேகம் கூடக்கூட, எஞ்சின் மட்டும் அல்ல. வண்டியின் எந்த ஒரு பாகம் கைவிட்டாலும் ஆபத்துதான். பாப் லெப்பனுக்கு அது நேர்ந்தது.

1970-ம் ஆண்டில் டான் வெஸ்கோ என்ற வீரர், இரண்டு யமஹா எஞ்சின் பூட்டிய வண்டியில் 251 மைல் வேகம் ஓட்டி, லெப்பனின் முதல் இடத்தைப் பறித்தார். அதை மீட்க லெப்பன் மறுபடியும் உப்பு மைதானத்துக்கு வந்தார். பயங்கர வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது ஜைரோநாட் விபத்துக்கு உள்ளாயிற்று. லெப்பனின் கையில் படுகாயம். உயிர் தப்பியதே பெரிது.

அதே ஆண்டில் இன்னொரு அதிசயமும் நடந்தது. டெனிஸ் மானிங் என்பவர் ஒரு வண்டி செய்தார். அதில் ஒரே ஒரு ஹார்லி டேவிட்சன் எஞ்சின். கால் ரேபார்ன் அதை ஓட்டினார். வேகம் 265 மைல்!

இரண்டு எஞ்சினை ஒரு எஞ்சின் தோற்கடித்துவிட்டது!

“இரண்டு மாடு எதற்கு? நல்ல மாடு ஒன்று போதும்” என்பது மானிங் கட்சி. “ஒழுங்காகப் பூட்டினால் இரண்டே மேல்” என்பது வெஸ்கோ கட்சி. இந்தப் போட்டி 40 ஆண்டு நடந்தது.

நுகமே இல்லாத கார்

இதற்கிடையில், நுகத்தடியே இல்லாமல் இரண்டு எஞ்சின் பூட்டிய ஒரு காரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பிரான்சு நாட்டில் சிட்ரோன் கம்பெனி ஒரு சின்னக் கார் செய்தது. அதன் எஞ்சின் 425 சி.சி.தான். மோட்டார் சைக்கிள் எஞ்சின் அளவு! சகாரா பாலைவனத்தில் எண்ணெய் தேடிப் போகிறவர்களுக்கு மணலில் புதையாத கார் தேவைப்பட்டது. சிட்ரோன் என்ன செய்தது? அந்தச் சின்னக் காரின் பின்பக்கத்தில் இன்னொரு எஞ்சினை வைத்துவிட்டது!

முன் எஞ்சின் முன் சக்கரங்களை இழுக்கும். பின் எஞ்சின் பின் சக்கரங்களைத் தள்ளும். இரண்டுக்கும் இடையே செயின் இல்லை; தண்டு இல்லை. கியர் பெட்டியும் தனித்தனி. பெட்ரோல் டாங்கியும் தனித்தனி. ஆனால், ஓட்டுகிறவருக்குக் கியர் பிடி ஒன்றுதான்.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஒரு எஞ்சின் நின்றுவிட்டாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். இரண்டும் ஓடினால் மணிக்கு 100 கிலோ மீட்டர். ஒன்று மட்டும் ஓடினால் சுமார் 65 கிலோ மீட்டர்.

1958-ம் ஆண்டில் இந்தக் காரை வெளியே காட்டினார்கள். மொத்தம் சுமார் 700 கார்கள்தான் செய்தார்கள். இரண்டு எஞ்சினுக்கும் விலை கொடுக்க வேண்டும் அல்லவா?

பாலைவனத்துக்கு இந்த வழி சரி. உப்பு மைதானத்து மோட்டார் சைக்கிளுக்கோ, இரண்டு எஞ்சினின் சக்தியையும் ஒரே பின் சக்கரத்தில் இறக்கியாக வேண்டும்.

300 மைலைத் தாண்டினார்

டான் வெஸ்கோ சும்மா இருக்கவில்லை. 1975-ம் ஆண்டில் “வெள்ளிப் பறவை” என்ற வண்டியோடு வந்தார். உள்ளே இரண்டு யமஹா பந்தய எஞ்சின்கள். வேகம் 302 மைல்! மோட்டார் சைக்கிளில் 300 மைலைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான்.

1978-ம் ஆண்டில் இரண்டு கவாசாகி எஞ்சின்களைப் பூட்டி 318 மைல் ஓட்டினார்.

இந்தச் சாதனை 12 ஆண்டு நின்றது. 1990-ம் ஆண்டில் டேவ் காம்போஸ் 322 மைல் ஓட்டி அதை முறியடித்தார். அவர் வண்டியிலும் இரண்டு எஞ்சின்! இரண்டும் ஹார்லி வகை. அது 16 ஆண்டு நின்றது.

இரண்டே நாள் ராஜா

கலிபோர்னியாவில் மைக் அகாட்டிப் என்பவர் விமானக் கருவிகள் செய்யும் தொழில் நடத்தி வந்தார். வேகத்தின் மேல் அவருக்குத் தீராத மோகம். அவர் தேர்ந்தெடுத்தது சுசுகி கம்பெனியின் “ஹயபுசா” எஞ்சின்.

ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் வல்லூறு. வானத்திலிருந்து இரையின் மேல் பாயும்போது வல்லூறை மிஞ்சும் பறவை இல்லை. ரோட்டில் ஓட்டும் ஹயபுசா மோட்டார் சைக்கிளே மணிக்கு 300 கிலோ மீட்டர் ஓடக் கூடியது. அதன் சக்தி சுமார் 170 குதிரைச் சக்தி.

அந்த வேகத்தை இரண்டு மடங்கு ஆக்க வேண்டும். காற்றின் கணக்கு நினைவு இருக்கிறதா? எட்டு மடங்கு சக்தி வேண்டும். 1,360 குதிரைச் சக்தி! இரண்டு எஞ்சினைச் சும்மா சேர்த்தால் 340 தானே கிடைக்கும்?

அகாட்டிப் இரண்டு எஞ்சினையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டினார். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ கருவியைப் பொருத்தினார். சக்தி 900 குதிரைக்கு மேல் உயர்ந்தது. மீதிக் குறையை வண்டியின் ஒல்லி வடிவம் ஈடுகட்டியது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம் அது.

வண்டியின் பெயர் “ஆக் அட்டாக்”. ஓட்டியவர் ராக்கி ராபின்சன்.

2006-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி. ராபின்சன் 342 மைல் வேகத்தில் ஓட்டினார். 16 ஆண்டுச் சாதனை தூள் தூள்!

ஆனால், அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நீடித்தது? இரண்டே நாள்!

செப்டம்பர் 5-ந் தேதி, அதே மைதானத்தில் கிறிஸ் கார் என்ற வீரர் 350 மைல் ஓட்டிவிட்டார். அவர் வண்டியில் ஒரே எஞ்சின். அதைச் செய்தவர் யார் தெரியுமா? 1970-ம் ஆண்டில் ஒற்றை எஞ்சினால் வெற்றி கண்ட அதே டெனிஸ் மானிங்தான்! இந்தத் தடவை எஞ்சினையே இதற்கென்று புதிதாகச் செய்திருந்தார்.

2008-ம் ஆண்டில் ராபின்சன் திரும்பி வந்தார். இரண்டு எஞ்சின், 360 மைல்.

2009-ம் ஆண்டில் கிறிஸ் கார் வந்தார். ஒரு எஞ்சின், 367 மைல்.

2010-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி ராபின்சன் மீண்டும் ஆக் அட்டாக் வண்டிக்குள் படுத்தார். போகும் ஓட்டம் முடிந்தது. திரும்பும் ஓட்டமும் முடிந்தது. சராசரி 376 மைல்!

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சாதனை இதுதான். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது அசையாமல் நின்றது.

இரண்டும் ஒன்றாயின

ஹயபுசா எஞ்சினின் கதை உப்பு மைதானத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தில் ராடிக்கல் என்ற கார் கம்பெனி இருக்கிறது. பந்தயத்துக்கான இலேசான கார்களைச் செய்வது அதன் தொழில். “இரண்டு எஞ்சினை எதற்குச் செயினால் கட்ட வேண்டும்? இரண்டையும் ஒரே எஞ்சினாக ஆக்கிவிட்டால் என்ன?” என்று அவர்கள் எண்ணினார்கள்.

ஹயபுசாவில் நான்கு சிலிண்டர். இரண்டு எஞ்சினின் மேல் பாகங்களை, விரித்த இரண்டு விரல் போல இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தார்கள். கீழே புதிதாகச் செய்த ஒரே உடல். ஒரே சுழல் தண்டு. எட்டு சிலிண்டர் எஞ்சின் தயார்! பிரிந்து கிடந்தால்தானே நடை மாறும்? இங்கே பிரிவே இல்லை.

கார் ஏறத்தாழ 650 கிலோ எடைதான். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற பந்தயப் பாதை இருக்கிறது. 20 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். வளைவுகளோ எழுபதுக்கு மேல். 2009-ம் ஆண்டில் இந்த வகைக் கார் அதை 6 நிமிடம் 48 விநாடியில் சுற்றி வந்தது. அந்தக் கார் பந்தயத்துக்கு லாரியில் ஏறி வரவில்லை. இங்கிலாந்திலிருந்து ரோட்டிலேயே ஓடி வந்தது!

வென்றது எது?

ஒரு எஞ்சின் மேலா? இரண்டு எஞ்சின் மேலா?

இரண்டு கட்சியும் மாறி மாறி வென்றிருக்கிறது. லெப்பனிடமும் இரண்டு எஞ்சின் இருந்தது. ஒற்றை எஞ்சின்காரரைவிட 21 மைல்தான் கூடுதலாகக் கிடைத்தது. அகாட்டிப்பிடமும் இரண்டு எஞ்சின்தான் இருந்தது. 376 மைல் கிடைத்தது. நடுவே 44 ஆண்டு உழைப்பு. நல்ல எஞ்சின், காற்றைக் கிழிக்கும் உடம்பு, இரண்டையும் ஒரே நடையில் ஓட வைக்கும் இணைப்பு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்துக்கு லெப்பன் தன் கையையே விலையாகக் கொடுக்க இருந்தார்.

மாடு வாங்கிவிட்டால் மட்டும் வண்டி ஓடிவிடாது. பூட்டத் தெரிய வேண்டும்!